கொம்பியூட்டருக்குத் துடக்கு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சாகிற கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. மற்ற நாட்களில் அது ஒழுங்காக உழைத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் திரை கறுத்துப்போகும். வகுப்பால் வந்து பார்த்த அண்ணை, "செத்துப்போச்சு" என்று தலையில் கை வைப்பார். எனக்கு அப்போது பத்து வயது. செத்தது எப்படிச் சனிக்கிழமை காலையில் எழும்புகிறது என்று நான் ஆராயவில்லை. அண்ணை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உடுவிலில் எங்கள் வீடு. அப்பா லொறியில் கொழும்புக்குச் சாமான் ஏற்றுகிறவர். வீட்டில் நிற்கிற நாள் குறைவு. அக்கா வீட்டுப் படம் கீறப் படித்தவர். இன்னும் கட்டாத வீட்டின் பிளானைக் கொடுத்தால், அதற்குள் நாங்களே நடந்து திரிவதுபோல் ஓடுகிற படமாக்கித் தருவார். கொழும்பில் ஒரு கொம்பனி, மாதிரிக்கு ஒன்று செய்து சொன்ன நேரத்துக்கு அனுப்பினால் வீட்டிலிருந்தே செய்ய வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பிந்தினால் இல்லை. இல்லையென்றால் அக்கா கொழும்புக்குப் போய், சொந்தக்காரர் ஒருவரின் புடவைக்கடையில் நிற்பது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அக்கா அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அவர் கதைக்காமல் இருந்ததுதான் வீட்டில் எல்லோரையும் வாட்டியது.

தடை, கொம்பியூட்டர். அது படத்தைச் செய்து முடிக்கிற வேகத்துக்கு வீட்டையே கட்டி முடித்துவிடலாம். அக்காவுக்கு இளையவரும் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தவருமான அண்ணை, தான் அதை விரட்டுவதாகச் சொன்னார். புரொசசரைச் செய்தவர்கள் அதற்கு ஒரு வேகம் வைத்து அனுப்புவார்களாம். அதற்கு மேலும் ஓடுகிற தெம்பு அதனிடம் இருக்குமாம். ஆனால் வேகம் கூடினால் கரண்ட் கூடுதலாகக் கேட்கும். கரண்ட் கூடினால் சூடு ஏறும். சூடு எல்லை மீறினால் தன்னைக் காப்பாற்ற அது தானாகவே நின்றுவிடும். எனவே அண்ணை ஒரு படி ஏற்றுவார், நெடுநேரம் சோதனை ஓட்டுவார், திரையின் மூலையில் சூட்டைப் பார்ப்பார், பிறகு இன்னொரு படி. ஒருநாள் ஆசைப்பட்டு எக்கச்சக்கமாக ஏற்றியதில், அது கண்ணே திறக்காமல் கிடந்தது. அன்று முழுக்க அண்ணையும் சாப்பிடாமல் கிடந்தார்.

கடைசியில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, அதற்கு நேரே மேசை ஃபானை வைத்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரு ஃபான்தான். நாங்கள் வியர்த்து ஒழுக, பெட்டி காற்று வாங்கியது.

"காய்ச்சலை வரப்பண்ணிப்போட்டுக் காய்ச்சல் பாக்கிறான் உவன்" என்றார் அம்மா.

அண்ணைக்கு இன்னொரு எதிரி, தண்ணீர் மோட்டர். அதைப் போட்டவுடன் வீட்டு லைற்றெல்லாம் மங்கும். கொம்பியூட்டருக்குக் கீழே இருந்த பழைய யூ.பி.எஸ். பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும். "உந்த மோட்டர் ஒருநாளைக்கு இதை விழுத்தும்" என்று அண்ணை முறைப்படுவார். "அப்ப மிளகாய்க் கண்டுக்கு நீ வந்து தண்ணி வார்" என்று அம்மா சொல்வார். வழக்கு அத்துடன் முடியும்.

அக்கா வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார். இரண்டு தடவையும் பின்னேரம் செத்துப்போனது. கிழமை நாட்களில் அண்ணை சோதனை ஓட்டினால் பகல் முழுக்க நிற்காமல் ஓடியது. அண்ணை வேகத்தைக் குறைத்தார். மனமில்லாமல் இன்னும் குறைத்தார். அம்மா இது கண்ணூறு என்று தீர்ப்புச் சொல்லி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியில் இன்னும் ஒரு பிடி கூட்டினார்.

கடைசியில் கொம்பனியிலிருந்து அந்த மாதிரிப் படத்துக்கான பிளான் வந்தது. சனிக்கிழமை காலை அனுப்ப வேண்டும். வெள்ளி காலை, ஓட விடுவதற்கு முன் புரொசசருக்குப் புதிதாகச் சூடு கடத்துகிற பசை பூசுவோம் என்று அண்ணை அதன் மேலிருந்த, சூட்டை இழுத்து வெளியே விடுகிற அலுமினியத் துண்டைக் கழற்றினார். அதன் தகடுகளுக்கு இடையில் சாம்பல் அடைத்திருந்தது. அதில் மண்ணிறமாய் ஒரு பிசுபிசுப்பு. விரலால் தொட்டு மணந்து பார்த்தார். பிறகு விரலை அக்காவின் மூக்குக்கு நீட்டினார்.

"சாம்பிராணி" என்றார் அக்கா, மெல்ல.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவும் நானும் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். அண்ணை வகுப்பில் இருப்பார். அம்மா தனியாகத் தூபக்காலோடு அறை அறையாகப் போவார். தணல் பறக்கும் என்று முதலில் ஃபானை நிற்பாட்டுவார். புகை வெளியே போகாமல் ஜன்னலைச் சாத்துவார். மகளுடைய எதிர்காலமே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதென்று, சாமிக்குக் காட்டுவதிலும் கூடுதலாக அதற்குக் காட்டியிருக்கிறார். திரும்ப ஃபானைப் போட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? வகுப்பால் வந்த அண்ணையோ, பெட்டி செத்த பிறகுதான் ஃபானை நிற்பாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்.

"அம்மாட்டைச் சொல்லுவம்" என்றார் அண்ணை.

"விசரே உனக்கு? ரெண்டு தரமும் தன்னாலைதான் நிண்டதெண்டு தெரிஞ்சால் அவ தாங்குவாவே? எனக்காகத்தானே செய்தவ. பேசாமல் இரு."

பெயின்ற் பிரசாலும் சைக்கிள் பம்பாலும் சாம்பலை எடுத்தார்கள். பசை பூசிப் பூட்டி, மத்தியானத்துக்கு முன் ஓட விட்டார்கள். அன்று அக்கா கோயிலுக்குப் போகவில்லை. அண்ணை வகுப்புக்குப் போகவில்லை. இருவரும் சூட்டு எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பொழுதுபட, குசினியிலிருந்து சிரட்டைக் கரி மூட்டுகிற மணம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஓடிப்போய் அம்மாட்டைச் சொல்லு. துடக்காம், அறைக்குள்ளை சாம்பிராணி கொண்டுவர வேண்டாமாம் எண்டு."

அண்ணை சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

யாருக்குத் துடக்கு என்று அக்கா சொல்லவில்லை. பெண்களின் மாதத் தீட்டை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள், கேட்கிறவருக்கு விளங்கிவிடும். எனக்கோ துடக்கு என்றால் பெரியப்பா செத்தபோது வந்தது மட்டும்தான் தெரியும். கோயில் இல்லை, விளக்கு இல்லை, ஆட்களும் கிட்ட வரமாட்டார்கள். ஆகவே யாரோ செத்திருக்க வேண்டும். இந்த வீட்டில் அண்மையில் செத்தது யார் என்று யோசித்தேன். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அம்மா தூபக்காலோடு விறாந்தையில் வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, துடக்காம். சாம்பிராணி கொண்டுவர வேண்டாமாம்."

"ஆருக்கு?"

"கொம்பியூட்டருக்கு."

அம்மா தூபக்காலைக் கீழே வைத்தார். "கொம்பியூட்டருக்கு என்னெண்டு துடக்கு வாறது?"

"அது ரெண்டு தரம் செத்ததெல்லே. நீங்கள் சாம்பிராணி காட்டேக்கை ஃபானை நிப்பாட்டிறியளாம். அதாலை சூடேறிச் செத்ததாம். ஆனால் உங்களுக்குச் சொல்லக்கூடாதாம். நீங்கள் தாங்கமாட்டியளாம்."

தூபக்காலில் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கண்ணையா வாயையா மூடினார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, துடக்கெண்டால் கொண்டுவரக் கூடாதுதான். அம்மா வரமாட்டா எண்டு போய்ச் சொல்லு. வேறை ஒண்டும் சொல்லாதை."

நான் போய் அப்படியே சொன்னேன். அண்ணையும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கிணற்றடிக்குப் போனபோது, அம்மா கப்பியில் வாளி விட்டுத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். மிளகாய்க் கன்றுகளுக்கு வாளி வாளியாகக் காவி ஊற்றினார். ஏன் மோட்டர் போடவில்லை என்று கேட்டேன்.

"மோட்டருக்கும் துடக்கு" என்றார்.

நான் நம்பினேன். ஒரே வீட்டில் இருந்தால் தொற்றத்தானே செய்யும்? படுக்கப் போகும்போது அம்மா உள்ளங்கைகளுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

விடிந்தபோது கொம்பியூட்டர் உயிரோடு இருந்தது. வெள்ளைச் சுவர்களும் மாமரம் தெரிகிற ஜன்னலும் கொண்ட, உலகத்தில் எங்கும் இல்லாத அந்த வீட்டுக்குள் நாங்கள் எல்லோரும் ஒருமுறை நடந்து பார்த்தோம். "குசினி சின்னனாய்க் கிடக்கு" என்றார் அம்மா. அக்கா அதை அனுப்பினார். வேலை கிடைத்தது. அந்த வேலைதான் என்னைப் படிப்பித்தது. அந்த நன்றியை நான் மறந்ததில்லை. ஆனால் நெடுங்காலம் அதை அக்காவின் கெட்டித்தனத்துக்கும் அண்ணையின் பொறுமைக்கும் மட்டுமே பங்கிட்டு வைத்திருந்தேன்.

அண்மையில் ஒரு பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். அம்மாவை ஏமாற்றிய கதையை அக்கா தன் பிள்ளைகளுக்கு அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"ஓம், என்னை நல்லாப் பேய்க்காட்டிப்போட்டுதுகள்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா நிமிர்ந்து, அன்று விறாந்தையில் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு மோட்டர் நன்றாகத்தான் இருந்தது.