சர்வருக்கு வைத்த பொட்டு

அந்த மேனேஜரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. எங்களோடு இருந்த டைப் அடிக்கும் அக்காவுக்கு என்னைப் பிடிக்காது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஒரே அறையில், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தபடி மூன்று பேரும் குப்பை கொட்டினோம்.

அக்காவின் வெறுப்புக்குக் காரணம் இருந்தது. கம்பெனிக்குள் ஒரு விக்கி, அதாவது விக்கிபீடியா போல நாங்களே திருத்தும் இணையப் பக்கங்கள், வைத்திருந்தோம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம். ஷிப்ட் முடிந்ததும் எத்தனை பீஸ் ரிஜெக்ட், எதனால் ரிஜெக்ட் என்று அதில் ஏற்ற வேண்டும். கான்ட்ராக்டில் வந்த அக்காதான் டைப் அடித்து ஏற்றுவார். பக்கத்து ஊர் வல்லம் வடகால்காரர். அந்த வேலையைச் செய்ய என்னை ஒரு தானியங்கி எழுதச் சொன்னார் மேனேஜர். ஆள் இல்லாமல் தானே லாகின் செய்து பக்கங்களைத் திருத்தும் நிரல். நான் எழுதினேன், அதுவும் ஓடியது. அன்றிலிருந்து அக்கா என்னை 'சார்' என்று கூப்பிடும் விதமே மாறிவிட்டது. அந்த ஒரு சொல்லில் அத்தனை விஷம் வைக்க அவரால்தான் முடியும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த காலையில் தானியங்கி படுத்துவிட்டது. 'லாகின் வெற்றி' என்று ஒரு வரி வரும். அடுத்த வரியே 'நீங்கள் லாகின் செய்யவில்லை' என்று வரும். இதைவிட எரிச்சலான பிழை எனக்குத் தெரிந்து கிடையாது. பாஸ்வேர்டு தப்பு என்றால் தப்பு என்று சொல்லித் தொலைக்கலாமே! பாஸ்வேர்டை மறுபடி அடித்துப் பார்த்தேன். பழைய குக்கீ ஃபைலை அழித்தேன். புதிய கணக்கு ஒன்று தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வரி. பிரவுசரில் கையால் போனால் மட்டும் ஒழுங்காக உள்ளே விட்டது.

மேனேஜருக்கு அது போதும். "ஆள் போனா உள்ள விடுது, உன் புரோகிராம் போனா விடல. யாரோ கைய வச்சிருக்காங்க. யாருக்கு லாபம்னு யோசிய்யா" என்றார், அக்கா காதில் விழும்படியே. தானியங்கியின் பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருந்தவரே அந்த ஆள்தான்.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இன்னா சார் பேசறீங்க? வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியமா நான் அத்த தொடவே இல்ல. இந்த சார் எழுதினது ஓடலன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் கான்ட்ராக்டருக்கு ரிப்போர்ட் போகும் என்றார் மேனேஜர். வேண்டுமென்றே கெடுத்தார் என்று ஒரு ரிப்போர்ட் போனால் இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் எந்தத் தொழிற்சாலை கேட்டிலும் அக்காவை உள்ளே விடமாட்டார்கள். "உங்க மேல தப்பில்லன்னா, டைப் வேலை போனாலும் பேக்கிங்ல போடறேன். அது என் பொறுப்பு" என்றும் அக்காவிடம் சொன்னார் மேனேஜர். அக்கா என்னைப் பார்த்தார். என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் அந்தப் பார்வையில் இருந்தது. கடைசி வரை அவர் வாய் திறந்து கேட்கவும் இல்லை.

சர்வர் அறைக்குப் போனேன். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, யாரோ கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர். மின்வெட்டு உயிரை எடுத்த அந்தக் காலத்தில்கூட யூபிஎஸ் புண்ணியத்தில் அது அணைந்ததே இல்லை. ஆயுத பூஜைக்குத்தான் முதல் முறையாக அணைத்திருந்தார்கள். எந்த மெஷினும் ஓடக்கூடாது, எல்லாவற்றுக்கும் ஓய்வு என்று மேனேஜரே வந்து, தன் கையால் பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, மானிட்டரின் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். தாராளமாக வைத்திருந்தார். கீழே வலது மூலையில் கடிகாரம் தெரியும் இடத்தில் காய்ந்த சந்தனம்தான் இருந்தது.

கட்டைவிரலால் சுரண்டினேன். தேதி பத்து வருஷம் பின்னால் நின்றது. மின்சாரம் இல்லாதபோது தேதியைக் காப்பாற்றும் பட்டன் பேட்டரி உள்ளே எப்போதோ செத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியதும் தேதி போய்விட்டது.

அப்புறம் எல்லாம் விளங்கியது. லாகின் ஆனதும் சர்வர் குக்கீ என்று ஓர் அனுமதிச் சீட்டு தரும், அதில் காலாவதித் தேதி இருக்கும். சர்வரின் கணக்கில் அடுத்த மாசம் வரை செல்லும் சீட்டு, சரியான தேதி காட்டும் என் கம்ப்யூட்டரில் ஓடும் தானியங்கியின் கணக்கில் பத்து வருஷத்துக்கு முன்பே செத்த சீட்டு. வாங்கிய கையோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு அடுத்த பக்கத்தைக் கேட்டிருக்கிறது. பிரவுசரோ, ஜன்னலை மூடும்வரை செல்லும், தேதியே இல்லாத இன்னொரு சீட்டையும் வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறது.

பேட்டரி மாற்றி, தேதியைத் திருத்தி, மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"பூஜைப் பொட்ட ஏன்யா அழிச்ச?"

"கடிகாரம் தெரியல சார். நீங்க அணைச்சதுல தேதி போயிடுச்சு."

"அப்ப சாமி கும்பிட்டது தப்புங்கற?" என்றார். ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. பிறகு அவரே, "சரி, யார் மேலயும் தப்பில்லன்னு எழுதிடு. இப்ப ஓடுதில்ல?" என்றார்.

"ஓடுது சார். அக்காவுக்கு பேக்கிங்..."

"அங்க ஆள் ஃபுல். ஓடுதில்ல, அது போதும். அந்தம்மாவ நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிடு." அதைச் சொல்லும் தைரியம்கூட அந்த ஆளுக்கு இல்லை.

சொன்னேன். அக்கா டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி என் கீபோர்டின் மேல் போட்டார்.

"பழி போட்டு அனுப்பியிருந்தாகூட கேட்டாண்ட நின்னு நாலு பேரு கேக்கற மாதிரி நாக்கப் புடுங்கிக்கற கேள்வி கேட்டிருப்பேன். இப்ப தப்பே இல்லன்னு சொல்லி அனுப்பறீங்களே சார், வூட்ல போய் நான் இன்னா சொல்லட்டும்?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஷிப்ட் முடிந்ததும் தானியங்கி முதல் தடவையிலேயே லாகின் ஆனது.