நான் கூப்பிடவில்லை

இப்போதெல்லாம் யாரிடமும் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்ல முடிவதில்லை. பாதி சொல்வதற்குள் கைபேசியைத் தூக்கி மூஞ்சிக்கு நேராகப் பிடிக்கிறார்கள். மீதிப் பாதிக்குச் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்தது மட்டும் நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் நடுவில்.

நான் மெக்கானிக். கல்குவாரி முதலாளி ஒருவர் தன் பழைய ஜீப்புக்கு ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற சாமான் அது. மதியம் வண்டியை வாங்குகிற ஆள் வருகிறாராம், அதற்குள் ஓடியாக வேண்டுமாம். குவாரி ஷெட்டில் ஜீப் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். மேலே ஒரு விரற்கடை தூசி. இத்தனை நாள் ஏன் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மெக்கானிக் கிடைக்கவில்லை என்றார். ஆறு பட்டறை இருக்கிற ஊரில் மெக்கானிக் கிடைக்கவில்லையாம். அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. அதிலும் வண்டி வைத்திருப்பவர்களை அறவே இல்லை. அதனால் எந்த வண்டியில் கை வைப்பதற்கு முன்பும் மூன்று காரியம் செய்வேன். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். கியரை ஆட்டிப் பார்த்து நியூட்ரலில் விடுவேன். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றித் தள்ளி வைப்பேன். அன்றும் செய்தேன், மூன்றையும். இதை யார் கேட்டாலும் சத்தியம் பண்ணுவேன்.

மணி 10.10. வண்டிக்கு அடியில் படுத்தேன். கீழ் போல்ட் துருவேறி இறுகியிருக்கும் என்று சுத்தியல், டீசல் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் தொட்டதும் சுற்றியது. மரையில் புதுக் கிரீஸ்... யாரோ அப்போதுதான் கழற்றி வைத்தது போல.

10.25. பானெட் பக்கம் ஒரு சத்தம். டொக்... டொக். சற்று விட்டு மறுபடி, டொக்... டொக். எஞ்சின் ஆறினால் இரும்பு அப்படித் தட்டும். ஆனால் மாதக்கணக்கில் ஓடாத எஞ்சின் எங்கே போய் ஆறும்?

10.40. பழையதை இறக்கிவிட்டுப் புதியதைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் செருப்புக் கால்கள் பம்பருக்கு முன்னால் வந்து நின்றன.

"என்ன பெரியவரே, எதுக்குக் கூப்பிட்டே?"

"நான் கூப்பிடல."

"சார், கொஞ்சம் முன்னாடி வந்து பாருங்கன்னு நீதானய்யா சொன்னே?"

இல்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

11.05. பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி அதே செருப்பு. வயசானால் சொன்னதே மறந்துவிடுமோ என்று நக்கல் வேறு. உங்களுக்குத்தான் காதில் கோளாறு, போய் உட்காருங்கள் என்றேன். ஷெட் வாசலில் அவருடைய டிரைவர் நின்றிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

11.20. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அரை அங்குலம் அமுங்கியது. சரியான இறுக்கம். போல்ட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்தேன். பின் சக்கரத்தருகே நின்று கை துடைத்தேன். பேட்டரி ஒயரை இன்னும் மாட்டவில்லை.

வண்டிக்கு அடியிலிருந்து...

"சார்... கொஞ்சம் முன்னாடி வந்து பாருங்க."

என் குரல்.

அதே கரகரப்பு. முடிவில் என் இருமல் கூட.

என் வாய் மூடியிருந்தது.

முதலாளி வந்தார். பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார். அங்கே நிற்காதீங்க என்று கத்தப் போனேன்...

கர்ர்ர்...

செல்ஃப் மோட்டார். சாவி என் பையில். ஒயர் கழன்று கிடக்கிறது.

கர்ர்ர்...

வண்டி எகிறியது. ஒரு தடவை.

இன்னொரு தடவை.

அவர் அலறினார். அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை.

நானும் டிரைவரும் கடப்பாரை போட்டு வண்டியைப் பின்னால் நெம்பினோம். நான் நியூட்ரலில் விட்ட வண்டி முதல் கியரில் இருந்தது.

உயிர் தப்பியது. கால் இரண்டும் போயிற்று. சாயங்காலம் நினைவு வந்ததும் போலீசிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, கிழவன் கியரில் விட்டுவிட்டான் என்பது. அதைக் கேட்டுவிட்டு டிரைவர் என்னை ஆஸ்பத்திரி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"போன தடவையும் இதேதாண்ணே சொன்னார்."

பதினாலு மாதத்துக்கு முன்னால், அதே ஷெட், அதே சுவர். இதே ஜீப்பில் ஆல்டர்னேட்டர் மாற்ற வந்த மெக்கானிக் பம்பருக்கு முன்னால் நின்று குனிந்திருக்கிறார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, கியரைப் பார்க்காமல் சாவியைத் திருப்பியிருக்கிறார். வண்டி எகிறி மெக்கானிக்கைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அந்த ஆளே கியரில் விட்டுவிட்டான் என்று முதலாளி எழுதிக் கொடுக்க, டிரைவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"இந்தத் தடவ போட மாட்டேண்ணே. அந்த மெக்கானிக் பானெட்டைத் தட்டுனது இன்னும் காதுலயே இருக்கு. ஒரு தட்டுன்னா ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு தட்டுன்னா நிறுத்து. அன்னைக்கி ரெண்டு ரெண்டா தட்டிக்கிட்டே இருந்தார். மொதலாளி சாவிய விடல."

எனக்கு எரிச்சல் வந்தது.

"தட்டுவானேன்? வாயத் தெறந்து நிறுத்துன்னு சொல்ல வேண்டியதுதானே?"

டிரைவர் என்னையே பார்த்தான்.

"அவருக்குப் பேச்சு வராதுண்ணே. பொறவியிலேயே ஊமை."

செத்துப்போன அந்த மெக்கானிக்தான் என் குரலை இரவல் வாங்கி முதலாளியைக் கூப்பிட்டார் என்றான். அதெல்லாம் பயந்தவன் பேச்சு. பழைய வண்டி, எங்கோ ஒயர் உரசியிருக்கும். அவனிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை.

மூன்று நாள் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கும், வேறென்ன? ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.