விழுந்து கும்பிட்டால் முடிந்துவிடும் என்றார்கள்

என் தம்பி செபஸ்தியான், தான் செய்யாத திருட்டுக்காக ஒரு மனிதரின் காலில் விழுந்தான். எங்கள் துன்பம் அங்கேதான் ஆரம்பித்தது. ஆண்டவர் அதிலிருந்து எங்களை எப்படி எழுப்பினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. ஆனால் நான் ஊரில் இருந்தது கொஞ்சம். லாரியில் கிளீனராகப் போனேன், பம்பாயில் ஓட்டலில் இருந்தேன், பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே இடத்தில் இருந்ததில்லை. திருப்பூரில் இருந்தபோதுதான், கம்பெனிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. தம்பியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் முழு விஷயமும் தெரிந்தது. மிராசுதார் வயலில் போர்செட் மோட்டார் காணாமல் போயிருந்தது. புரட்டாசி மாதம், நாற்றங்காலுக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரம். அந்த மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டது தம்பிதான். அதனால் அவனைக் கேட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்களுக்குக் கோபம் வந்தால் எங்கள் தெரு ஆள் போய் ஊர்ப் பொதுவில் நெடுஞ்சாண் கிடையாக விழ வேண்டும். "தப்புத்தாங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும். அதோடு முடிந்துவிடும். செய்தானா, செய்யவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்தவன் மாடு மேய்ந்ததற்கு என் அப்பா விழுந்திருக்கிறார். எங்களிடம் மாடே கிடையாது.

அம்மாவும் அன்று தம்பியிடம் அதைத்தான் சொன்னாளாம். "விழுந்துட்டு வந்துடுடா சாமி. நாளைக்கு வேலைக்குப் போகலாம்."

விழுந்தான். இந்த முறை முடியவில்லை. மோட்டாருக்கு இன்சூரன்ஸ் இருந்ததாம். அதற்குப் போலீஸ் கேஸ் வேண்டும். கேஸுக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது. ஆள் ஏற்கெனவே தரையில் கிடந்தான். ஊரார் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தம்பி அப்போது சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். கப்பல் பட்டறை வேலை. கேஸ் வந்ததும் அது நின்றது. திருட்டுப் பட்டம் விழுந்தால் சிங்கப்பூர் என்ன, உள்ளூரில் கூட யாரும் அவனை வயலுக்குள் விட மாட்டார்கள்.

ஜாமீன் மனுப் போட்டோம். கிடைத்தது. ஆனால் சொந்த நிலம் உள்ள இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெரு முழுக்கக் கோயில் நிலத்தில் இருக்கிறது. தெருவே ஜாமீனுக்கு வரத் தயார், ஒருவர் பெயரிலும் பட்டா இல்லை. பட்டா உள்ளவர்கள் வீடுகளுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, "மிராசுக்கு எதிரா நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது?" என்றார்கள்.

அன்புள்ளவர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளியே போகலாம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. நிலம் இல்லாத தெருவில் பிறந்ததால் என் தம்பி உள்ளேயே இருந்தான். அதே வாரம் உள்ளே வந்தவன் ஒருவன், அப்பாவின் பட்டாவைக் காட்டிவிட்டு வெளியே போனான்.

எனக்கு வெறுத்துப்போனது. திரும்பத் திருப்பூருக்கே போய்விடலாம் என்று பையை எடுத்து வைத்தேன். பஸ் வர நேரமிருந்ததால் எங்கள் கோயிலுக்குள் போனேன். பூசை இல்லாத நேரம், யாரும் இல்லை. பெரிய செபம் எதுவும் எனக்கு வராது. சிலுவையில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஆண்டவரே, உம்மையும் இப்படித்தான் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உமக்காகப் பேச அங்கே ஒரு வாய் இல்லை. அது எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும். என் தம்பிக்கு ஒரு வாய் கொடும்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

மறுநாள் கோர்ட்டு வாசலில் வழக்கம்போல வேப்பமரத்தடியில் நின்றேன். பெயர் கூப்பிடுகிற டவாலி என்னைத் தினம் பார்க்கிறவர். "என்னய்யா, வேப்பமரமா ஜாமீன் குடுக்கப்போவுது? மாடியில இலவச சட்ட உதவின்னு போர்டு இருக்கே, கண்ணு தெரியலியா?" என்றார்.

போர்டு தெரியும். இலவசம் என்றால் யாராவது சிபாரிசோடு வருகிறவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். படியேறிப் போனேன். ஒரு வக்கீலம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உக்காருங்க" என்றார். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. உட்கார எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க தம்பி எடுக்கலைங்கறீங்க. அப்புறம் ஏன் விழுந்தார்?"

"விழச் சொன்னா விழணுங்க."

"தப்பு செய்யாதவன் கூடவா?"

"எங்க ஊர்ல அவன்தாங்க மொதல்ல விழுவான். செஞ்சவன் ஓடிப்போயிருவான்."

அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். கும்பகோணத்துக்காரர், எங்கள் ஊர் வழக்கம் அவருக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு நிலம் இல்லை என்பதற்காக ஒருவனை உள்ளே வைத்திருப்பது சரியா என்று மனுப் போட்டார். அவனுடைய சொந்தப் பொறுப்பிலேயே விடலாம் என்று நீதிபதி உத்தரவு போட்டார். மார்கழியில் தம்பி வீட்டுக்கு வந்தான். வந்தவன் குனிந்தே நடந்தான்.

நான் ஊரைவிட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். கேஸ் முடியும்வரை நகரமாட்டேன் என்று பீடத்துக்கு முன்னால் சொன்னேன். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினேன். வாய்தா மேல் வாய்தா. குறுவை முடிந்தது, சம்பா முடிந்தது, மறுபடி குறுவை வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். "இன்னைக்கும் வந்துட்டியா?" என்று டவாலி சிரிப்பார். "வேப்பமரம் வரச் சொல்லுச்சுங்க" என்பேன்.

கடைசியில் சாட்சி விசாரணை வந்தது. அவர்கள் பக்கம் முக்கியமான சாட்சி மிராசுதாரின் காரியக்காரர். எங்கே போனாலும் மிராசுதாரின் காரிலேயே கூட வருகிறவர். வயல், களம், கூலி எல்லாம் அவர் பொறுப்பு. கூண்டில் ஏறி, "ஊர் முன்னால விழுந்து ஒப்புக்கிட்டான்" என்றார். பின்பெஞ்சில் மிராசுதார் உட்கார்ந்திருந்தார். நான் சட்டைப் பைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன்.

வக்கீலம்மா எழுந்தார்.

"மோட்டாரை நான்தான் எடுத்தேன்னு சொன்னாரா?"

"தப்புத்தான்னு சொன்னான்."

"எது தப்புன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்கறதில்லீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"தப்பு செய்யாதவங்க இப்படி விழுந்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவர் மிராசுதாரைப் பார்த்தார். பிறகு கூண்டுக் கட்டையைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் கேட்டதெல்லாம் பழைய செபம்தான். ஒரு வாய், ஆண்டவரே. யாருடைய வாயாக இருந்தாலும் சரி.

"நானே விழுந்திருக்கேங்க" என்றார் காரியக்காரர்.

டைப் அடிக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு?"

"களத்து நெல்லு கொறைஞ்சுதுன்னு. எலி தின்னுருக்கு. பத்தாயத்தை நகர்த்துனப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்ச பிறகு உங்ககிட்ட யாராவது மன்னிப்புக் கேட்டாங்களா?"

"எங்ககிட்ட யாருங்க விழுவா?" என்றார். அதைக் கோபமில்லாமல் சொன்னார். மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

தம்பி அன்றுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

நான் எங்கள் பக்கம்தான் ஒரு வாய் வரும் என்று காத்திருந்தேன். ஆண்டவர் அந்தப் பக்கத்து வாயைத் திறந்தார்.

வெளியே வந்தபோது மிராசுதாரின் கார் போய்விட்டிருந்தது. காரியக்காரர் துண்டை உதறிக்கொண்டு தனியாக நின்றார். கிட்டே போனேன். "ஒண்ணும் சொல்லாதேப்பா. பஸ்ஸு எப்ப?" என்றார். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். கூட்டமாக இருந்தது. தம்பிக்கு ஒரு சீட் கிடைத்தது. எழுந்து அவரை உட்கார வைத்தான்.

தம்பி குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. விழுந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிபதி தமிழிலேயே வாசித்தார். அம்மாவுக்கும் புரிந்தது. பாஸ்போர்ட் வந்து தம்பி சிங்கப்பூர் போனான். காரியக்காரர் வேலையை விட்டுவிட்டு, குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிறார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. கூப்பிட்டால் நின்றபடியே, "எழுதிக் குடுங்க, பாத்துக்கலாம்" என்கிறார்கள். இதற்காகச் சிலருக்கு வேலை போயிருக்கிறது. ஆனாலும் விழவில்லை.

நான் இப்போதும் ஊர் சுற்றுகிறவன்தான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், அங்கே கோர்ட்டு வாசலில் மரத்தடியில் நிற்கிறவர்களைப் பார்த்தால் பேச்சுக் கொடுக்கிறேன். படி எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.

உங்களில் யாராவது இன்று அப்படி நின்றால், என் தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். பயந்து எந்த மனிதர் காலிலும் விழாதீர்கள். ஆண்டவர் முன்னால் முழங்கால் போட்டு, வேண்டியதைக் கேளுங்கள். கேட்ட பிறகு எழுந்து படியேறுங்கள். "உக்காருங்க" என்று சொல்ல அங்கே ஒருவரை அவர் வைத்திருப்பார்.