தப்பு டப்பா

முந்திரிக் கொட்டை ஒன்று காலி டப்பாவில் விழுந்தால் 'டங்'கென்று வீடு முழுக்கக் கேட்கும். கொட்டைகள் கிடக்கும் டப்பாவில் விழுந்தால் சத்தமே தெரியாது. நான் ஏழாவது படித்த வருடம், கந்தர்வக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில், அம்மாவின் படிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அம்மா, முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்து, கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு வீடு திரும்புவாள். அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது கேட்டார்கள். வயது வரம்பைத் தாண்டுவதற்குள் அவளுக்கு ஒரே ஒரு தேர்வுதான் மிச்சமிருந்தது. மற்ற பாடங்களை ஒப்பித்துவிடுவாள், கணக்குதான் மிரட்டியது. அதனால் தீபாவளி முடிந்த கையோடு தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: தினமும் ஐந்து கணக்கு, அவள் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போக, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைகளைப் பார்த்து நான் திருத்த வேண்டும், சரியாக இருந்தால் 'ரைட்டு டப்பா'வில் ஒரு கொட்டை, பிழையென்றால் 'தப்பு டப்பா'வில் ஒன்று. பொங்கலுக்குள் ரைட்டு டப்பா நிறைய வேண்டும் என்பது இலக்கு. "போட்டவளே திருத்துனா வெளங்காது" என்பாள்.

தப்பு டப்பாவை மட்டும் அம்மா தினமும் இரவில் காலி செய்துவிடுவாள். மறுநாள் அதில் 'டங்'கென்று விழும்போதெல்லாம் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள், கழித்தலில் ஒன்றே ஒன்று பிசகிய கணக்குக்கு, போனால் போகிறதென்று டிக் அடித்து, கொட்டையை ரைட்டு டப்பாவில் மெதுவாக விட்டேன். கரண்டி நிற்கவில்லை, அம்மா ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தாள். அப்புறம் எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது, அதில் எனக்குப் பெருமை வேறு.

பொங்கலுக்கு டப்பா நிறைந்தது. மிதப்போடு டுடோரியலில் மாதிரித் தேர்வு எழுதப் போன அம்மா, கணக்கில் பத்தொன்பது வாங்கி வந்தாள். நிறைந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடித்திருந்தால் தேவலை. "பாவம் பாத்து எனக்குக் குழி தோண்டிட்டியே பாப்பா," என்றாள். "தப்பு எதுன்னு நீ சொல்லலைன்னா நான் எதத் திருப்பிப் படிக்கிறது?"

மறுநாளே பழைய நோட்டுகளை முதலிலிருந்து திருத்த வைத்தாள். நூற்று இருபத்தாறு கொட்டைகள் தப்பு டப்பாவுக்கு இடம் மாறின. இனி இலக்கு தலைகீழ்: தேர்வுக்குள் தப்பு டப்பா காலியாக வேண்டும், தவறிய கணக்கை, பழையதைப் பார்க்காமல் சரியாகப் போட்டால்தான் ஒரு கொட்டை வெளியே வரும். நானும் கறார்ப் பேர்வழியாகிவிட்டேன். ஒருநாள் விடைக்குப் பக்கத்தில் செ.மீ. போட மறந்ததற்கு நான் தப்புப் போட்டபோது, "செ.மீ. தானேடி விட்டுப்போச்சு?" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"தப்பு தப்புதாம்மா."

சிரித்துக்கொண்டே கொட்டையைத் தானே டப்பாவுக்குள் திரும்பப் போட்டாள்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசிக் கொட்டை வெளியே வந்தது. அதை அடுப்பில் சுட்டு, பருப்பை ஆளுக்குப் பாதி தின்றோம். காலி டப்பாவைக் கரண்டியால் அம்மா ஒரு தட்டுத் தட்டினாள். 'டங்'. இத்தனை நாள் நாங்கள் பயந்துகொண்டிருந்த அதே சத்தம், அன்று கோயில் மணி போலக் கேட்டது.

முடிவு வந்த நாள் பிரவுசிங் சென்டரில் மதிப்பெண்ணை நான்தான் வாசித்தேன். கணக்கு, அறுபத்திரண்டு. அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"நல்லாப் பாத்தியா? இதுலயும் பாவம் பாத்துட்டியா?"

அவளே பார்க்கட்டும் என்று நகர்ந்துகொண்டேன். விரலை வைத்து இரண்டு முறை படித்துவிட்டு, கடை நிறைய ஆட்கள் இருக்க, என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அந்தக் கொட்டகை இன்று இல்லை. டப்பாக்கள் துருப்பிடித்து எந்தப் பழைய இரும்புக்காரரிடம் போயினவோ தெரியாது. அம்மாவின் விரல் கறுப்பும் போன இடம் தெரியவில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளின் கன்னத்தைத் தொடும் அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இப்போது இங்கிலீஷ் பழகுகிறாள். தினமும் ஐந்து வாக்கியம் எழுதி, போனில் படமெடுத்துத் திருச்சியில் இருக்கும் எனக்கு அனுப்புகிறாள். நேற்று, மூன்று தப்பு என்று பதில் போட்டேன். உடனே அவள் குரல் வந்தது.

"மூணுதானா? இன்னொருக்கா பாரு. ஒன்னய நம்ப முடியாது."

மறுபடி பார்த்தேன். நான்கு.