மைசூர் திவானுக்குப் பல்வலி

சாராய நெடி...

கல்யாணமாகி எல்லையோரத்து ஜூஜுவாடிக்கு வந்த புதிதில் என் மூக்கில் ஏறிய வாசனை அதுதான். ஆளிடம் இல்லை. சட்டையில்.

என் வீட்டுக்காரர் மாதப்பன் சனிக்கிழமை தோறும் அவரைக்காய் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி சந்தைக்குப் போவார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். மறுநாள் துவைக்க எடுத்தால் வலது தோளில் மட்டும் குப்பென்று அடிக்கும். வாயை முகர்ந்து பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்க்காமல் விடுவேனா? தூங்கும்போது மூக்கைக் கொண்டுபோய் வைத்தே பார்த்துவிட்டேன். வெறும் வெற்றிலை வாசனை!

ஐம்பதுகளில் எங்கள் பக்கம் மதுவிலக்கு. அத்திப்பள்ளி மைசூர் ராஜ்யம், அங்கே கடை திறந்திருக்கும். நடந்தே போய் வரலாம். எந்தப் பெண்சாதிக்குத்தான் சந்தேகம் வராது?

நேராகக் கேட்கவேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் ஊரில் யாரிடமும் நேரான பதில் கிடைக்காது. கிளம்புகிறவரை "எங்க போற" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். அதனால் கேட்டவருக்கு ஏதாவது ஒரு கதை விடுவார்கள். எருமையை ஓட்டிக்கொண்டு போகிறவன், "கல்யாணத்துக்குப் போறன், பொண்ணு பின்னாடியே வருது" என்பான்.

இவர் அந்த வித்தையில் ஒரு படி மேலே. திரும்பி வந்த பிறகும் அதே கதைதான்.

"ஏங்க, இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

"மைசூரு திவானுக்குப் பல்வலியாம். கூட இருந்து பாத்துட்டு வரன்."

"சாப்ட்டீங்களா?"

"எங்க... களிதான் என்னெ சாப்ட்டுச்சி."

சிரித்துவிடுவேன். சிரித்து முடித்ததும், கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று எரிச்சல் வரும்.

அந்தக் களியில்தான் எனக்கு இரண்டாவது பிடி கிடைத்தது. காலையில் தூக்குப்போசி நிறையக் களியும் கீரைக் குழம்பும் கட்டிக் கொடுப்பேன். கழுவித் துடைத்த மாதிரி காலியாக வரும். ஆனால் வந்தவுடன் ஆள் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் போலச் சாப்பிடுவார். அப்படியானால் என் கைச்சோற்றை அங்கே யார் சாப்பிடுகிறார்கள்? எவளோ ஒருத்தி சாப்பிடுகிறாள். சாராயம் விற்கிறவளாக இருக்கும். அவள்தான் தோளில் சாய்கிறாள்! மனசுக்குள் அவளுக்கு மூக்குத்திகூடப் போட்டுவிட்டேன் நான்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்து வண்டியை அவிழ்ப்பதற்குள் என் துணிமூட்டையை வாசலில் வைத்துவிட்டேன்.

"எங்க பயணம்? திவானு உன்னெயும் கூப்ட்டு உட்டாரா?"

"எங்கப்பாகிட்ட போறன். வெலாசம் குடுங்க."

எனக்கு அப்பா ஒருவர்தான். உத்தனப்பள்ளியில் அம்மா தவறிய பிறகு, அவர் கொடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று எனக்குச் செய்தி கொண்டுவந்தவரே இவர்தான். எப்படி இருக்கிறார் என்று கேட்கும்போதெல்லாம், "காப்பி குடிச்சி குடிச்சி கறுத்துட்டாராம்" என்பார்.

விலாசம் என்றதும் மனிதர் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். எந்தக் கேள்விக்கும் கதை வைத்திருப்பவருக்கு இதற்கு ஒன்றும் வரவில்லை. அப்பா செத்துப்போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"அப்பா இருக்காரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்காரு லச்சுமி. கொடகுல இல்ல. அத்திப்பள்ளி சாராயக்கடைக்குப் பின்னாடி..."

வாரம் முழுக்க அங்கேயே கிடப்பாராம். சனிக்கிழமைகளில் இவர் தோளில் சாய்த்துத் தூக்கி வந்து, சந்தைத் தண்ணீர்த் தொட்டியடியில் குளிப்பாட்டி, என் களியை ஊட்டிவிட்டு வருவாராம். "எம் பொண்ணு என்னெ இந்தக் கோலத்துல பாக்கக்கூடாது" என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். எத்தனை மாதம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார்! அவர் மேல் அவ்வளவு கோபமும் வந்தது, அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது.

விடிந்ததும் நானும் வண்டியில் ஏறினேன். கடையின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அப்பா. அன்றைக்கு இன்னும் குடித்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

"நீ எங்கம்மா இங்க?"

உன்னைத் தேடித்தான் வந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அங்கேயே உடைந்துபோயிருப்பார். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"மைசூரு திவானுக்குப் பல்வலியாம்ப்பா. பாத்துட்டுப் போலாம்னு வந்தன்."

துண்டு குலுங்கியது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வலது தோளைக் கொடுத்தார். அப்பா வண்டியில் ஏறிவிட்டார்.

உடனே திருந்திவிட்டார் என்று சொல்லமாட்டேன். எங்களோடு இருந்த நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை எல்லை தாண்டி ஓடினார். பிறகு நாங்கள் இரண்டு பேருமாகப் போய்க் கூட்டி வருவோம். எங்கே போய்வந்தீர்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், திவானுக்கு வாரா வாரம் பல் வலித்தது.

இப்போது அப்பா இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அவரைக்காய்த் தோட்டத்தில் ஃபேக்டரி நிற்கிறது. யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை, போன் காட்டிவிடுகிறது. பேரன் ஷிப்ட் முடிந்து வருகிறான். லேட்டா என்று கேட்டால், "ஓவர்டைம், அவ்வா" என்கிறான். நேரான பதில். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு கதை இல்லை.

அதனால்தான் எனக்குச் சந்தேகம். அவன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து, வலது தோளை முகர்ந்து பார்க்கிறேன்.

சோப்பு வாசனைதான் வருகிறது. நல்லதுதான்... ஆனாலும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.