அருள்நாயகம் இத்தாலியில் சைக்கிள் ஓடியது

என் கணவர் அருள்நாயகத்தின் மீசையைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள். அவரோ ரொறன்ரோத் தெருவில் ஒரு பொலிஸ் கார் பக்கத்தால் போனாலே சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உருட்டிப் போவார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இது கனடா அப்பா!" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். "ஓம், ஓம்" என்பார். அடுத்த தரமும் இறங்குவார்.

ஊரில் ராணுவ முகாமுக்கு முன்னால் சைக்கிளில் இருந்தபடி போக முடியாது. இறங்கி நடக்க வேண்டும். என் தம்பி அன்புராசாவின் சைக்கிளில் பிறேக் பிடிக்கவில்லை. இறங்க முடியாமல் காவலரணைத் தாண்டிப் போனவனைச் சுட்டுவிட்டார்கள். பின்னால் வந்து அதைப் பார்த்தவர் இவர்தான். பிறகு ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வேலை கிடைத்தபோது, எந்தச் சைக்கிள் வந்தாலும் முதலில் பிறேக்கைத்தான் பிடித்துப் பார்ப்பார்.

கடை முதலாளி ரெனாற்றோ இத்தாலிக்காரர். ஒவ்வொரு கோடையிலும் வாடிக்கையாளர்களைத் தன் ஊர்ப்பக்கம் கூட்டிப்போய், மலைக் கிராமங்களையும் பழைய கோட்டைகளையும் சுற்றிச் சைக்கிள் ஓட வைப்பார். தொண்ணூற்றாறில், வழியில் சைக்கிள் திருத்த இவரையும் வரச் சொன்னார். எங்கள் மகள் துர்க்கா தானும் ஓடப்போவதாக ஒற்றைக்காலில் நின்றாள். ஆறு வயதில் கனடாவுக்கு வந்தவள். பயம் என்றால் என்னவென்று தெரியாது. இருவரையும் தனியே விட மனமில்லாமல் நானும் சாமான் வானில் ஏறினேன்.

கோட்டை என்றாலே அவருக்கு ஆகாது. எங்கள் ஊர்க் கோட்டைக்குள் இருந்த ராணுவ முகாமிலிருந்துதான் ஷெல் வந்து விழும். முதல் கோட்டையைக் கண்டதும், "உதுக்குள்ள ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"புறாதான் இருக்குது. பேசாமல் ஓடுங்கோ" என்றேன்.

வழியெல்லாம் திராட்சைத் தோட்டம், ஒலிவ் மரம், ஓட்டு வீடுகள். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் கண் கோட்டைச் சுவரின் ஓட்டைகளிலேயே இருந்தது. சாப்பாடும் இறங்கவில்லை. எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது.

அடுத்த நாள் ஒரு மலைக் கிராமத்திலிருந்து தெரு சரிவாக இறங்கிக் கோட்டை வாசலைக் கடந்து போனது. துர்க்கா முன்னால், அவர் பின்னால், கடைசியில் எங்கள் வான். வாசலில் இரண்டு பொலிஸ்காரர் தோளில் துப்பாக்கியோடு வாகனங்களை மறித்துக்கொண்டிருந்தார்கள். துர்க்கா வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவர்களில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"இறங்கு பிள்ளை! பிறேக்கைப் பிடி! இறங்கு!"

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. துர்க்கா திடுக்கிட்டு முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தாள். அன்று காலையில்தான் அவர் அதை முறுக்கிச் சரிசெய்திருந்தார். சைக்கிள் அப்படியே நின்றது. பிள்ளை அதற்கு மேலால் தூக்கி எறியப்பட்டு விழுந்தாள்.

பொலிஸ்காரர் இருவரும் அவளிடம் ஓடினார்கள். இவர் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்து, அவளை மறைத்து முழங்காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"மாத்தையா, சின்னப்பிள்ளை, ஒண்டும் தெரியாது மாத்தையா!" ஊரில் சிங்களச் சிப்பாயிடம் கெஞ்சும் அதே சொல்.

பொலிஸ்காரரில் ஒருவன், சின்னப் பையன், தண்ணீர்ப் போத்தலோடு விழித்துக்கொண்டு நின்றான். துர்க்கா எழுந்து உட்கார்ந்தாள். நாடியில் ரத்தம் வடிந்தது.

"ஐ ஆம் ஓகே, அப்பா. கையை இறக்குங்கோ, பிளீஸ்."

அவர் இறக்கவில்லை. அந்தப் பையன் இறக்கச் சொல்லட்டும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வானிலிருந்து குதித்து ஓடினேன். அவரை ஏசத்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, நீங்களுமா?" என்றாள் துர்க்கா.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டையும் இரண்டு கைகளாலும் அந்தப் பொலிஸ்காரனுக்கு நீட்டிக்கொண்டிருந்தேன்.