மரவள்ளி இலைப் போத்தலும் எங்கள் அண்ணையும்

நான் போட்டுக் கொடுத்த இஞ்சித் தேநீரை அண்ணை ஒரு விரலால் மெல்லத் தள்ளிவைத்த அந்தப் பிற்பகல் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. சுவிஸில், லுசேர்ண் ஏரிக்கரையில் ஒரு ஹொட்டலின் சமையலறை. மதியச் சாப்பாட்டு அமளி முடிந்து, வேலையாட்களுக்கான சின்ன அறையில் இளைப்பாறிக்கொண்டிருந்தோம். என் இஞ்சித் தேநீருக்கு அங்கே நல்ல பெயர் உண்டு. அதை வேண்டாம் என்ற முதல் ஆள் அவர்தான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "கோவிக்காதை தங்கச்சி," என்றார். "கைநோவுக்கு ஒரு சொட்டு மருந்து குடிக்கிறன். மரவள்ளி இலையிலை செய்தது. மரவள்ளிக்கும் இஞ்சிக்கும் ஒத்துவராது எண்டு உனக்குத் தெரியும்தானே." தெரியும். மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்ட நாளில் இஞ்சியைத் தொடாதே, நஞ்சாகிவிடும் என்று கேட்டு வளராத யாழ்ப்பாணத்தார் உண்டா? என்ன கவனமான மனிதர் என்று மெச்சியபடி அவருடைய தேநீரையும் நானே குடித்து முடித்தேன்.

அவரை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கியது நான். பிறகு முழுச் சமையலறையும் பிடித்துக்கொண்டது. தலைமைச் சமையற்காரர் அதுதான் அவருடைய சொந்தப் பெயர் என்று நம்பி, கோபம் வரும் நேரங்களில் "ஹெர் அண்ணை", அதாவது திருவாளர் அண்ணை, என்று மரியாதையாகக் கத்துவார். அண்ணையின் இடம் ரோஸ்டிச் சட்டி. உருளைக்கிழங்கைத் துருவி, வெண்ணெயில் வட்டமாக முறுகவிட்டு, ஒரே வீச்சில் காற்றில் புரட்டிப் பிடிப்பார். சலாட் வெட்டும் மேசையில் நின்ற நான் அதைப் பார்ப்பதற்காகவே கத்தியைக் கீழே வைப்பேன். சுவிஸ் பாட்டிமார் சமையலறை வாசலில் வந்து எட்டிப்பார்த்து, இதைச் செய்தது யார் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அண்ணைக்கு அப்போது முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

சட்டியை வீசும் அந்த மணிக்கட்டுத்தான் நோகத் தொடங்கியது. முதலில் மறைத்தார், பிறகு ஒரு ரோஸ்டி சட்டிக்கு வெளியே விழுந்தது, பிறகு இன்னொன்று. தலைமைச் சமையற்காரர் கெட்டவர் அல்ல. கோடைக்காலக் கூட்டம் தொடங்குவதற்குள் கை சரிவராவிட்டால் பாத்திரம் கழுவும் பக்கம் மாற்றவேண்டி வரும் என்று தோளில் கைபோட்டுத்தான் சொன்னார். அகதியாக வந்த புதிதில் அண்ணை இதே ஹொட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். அங்கிருந்து அடுப்படிக்கு வந்துசேர அவருக்குப் பாதி ஆயுள் பிடித்தது. "கழுவித் தொடங்கினனான், கழுவி முடிக்கமாட்டன்," என்று என்னிடம் சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அண்ணை சிரிக்காமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில்தான் இறைச்சிப் பகுதியில் வேலை செய்த சுவிஸ் பெடியன் அவருக்கு ஒரு யோசனை சொன்னான். அவன் சொன்னது ஹன்ஃப் சொட்டு. அண்ணையின் காதில் விழுந்தது ஹன்ட் சொட்டு. ஜெர்மனில் ஹன்ட் என்றால் கை. நோவதும் கை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஸ்டேஷனுக்குப் பின்னால் அவன் சொன்ன கடையைத் தேடிப்போனால் விளம்பரப் பலகையில் பச்சையாக, விரல் விரித்த மாதிரி, ஒரு மரவள்ளி இலை. ஊர்க்காரன் ஆரோ கடை போட்டிருக்கிறான் என்று ஆசையோடு உள்ளே போனாராம். ஊர்க்காரன் இல்லை; ஆனால் போத்தலிலும் அதே இலை. அவருக்கு அது போதும். கடைக்காரன் சில சொட்டு என்றான். அண்ணை நோவுக்கு ஏற்றபடி கூட்டிக்கூட்டி, காலையும் மாலையும் சொட்டுக்குழாய் நிரம்ப உறிஞ்சி வாயில் விட்டுக்கொண்டார். கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும் பெண்களிடமும் இந்தக் கைச் சொட்டின் புகழைப் பரப்பினார். இஞ்சியை மட்டும் வீட்டுப் படி ஏற விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிழங்கு துருவும்போது அவருடைய விரல் மூட்டு துருவியில் உரசியது. சமையலறையில் நாளுக்கு நாலு பேருக்கு நடக்கிற விஷயம். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. துணி மாற்றினோம், அதுவும் நனைந்தது. நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லை என்று இரத்தம் கட்டியாகாமல் இருக்க அவர் பல வருடமாகக் குளிசை போடுகிறார் என்பது எனக்குத் தெரியும். பயந்துபோய் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் அம்மா விரலை இறுக்கிக் கட்டி, சோதித்துப் பார்த்துவிட்டு, இரத்தம் அளவுக்கு மீறி இளகியிருக்கிறது, புதிதாக ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார். அண்ணை பெருமையோடு காற்சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து, கைச் சொட்டு என்றார். டொக்டர் அதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு, இது கைக்கானது இல்லை, ஹன்ட் இல்லை ஹன்ஃப், கஞ்சாச் செடியின் எண்ணெய் என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். அப்போதுதான் நான் அந்த இலையைக் கிட்டத்தில் பார்த்தேன். கிர்ஷ் சாராயம் கலந்திருக்கும் என்று சீஸ் உருக்கிச் செய்யும் ஃபொண்டூவைக்கூட வாயில் வைக்காத அண்ணை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தங்கச்சி, நான் கஞ்சாவோ குடிச்சனான்?" என்று கேட்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. பயந்த பயமெல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது. மரவள்ளிக் கதையை மொழிபெயர்த்ததும் டொக்டரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்து முடிந்ததும் டொக்டர் விளக்கமாகப் பேசினார். இதில் இருக்கும் சிபிடி என்ற பொருள் போதை தராது. அதற்காக எல்லோருக்கும் ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடக்கூடாது. குளிசையையும் சொட்டையும் ஒரே ஈரல்தான் சமாளிக்க வேண்டும். சொட்டு கூடினால் குளிசை வெளியேறாமல் உடம்பில் தேங்கிவிடும், இரத்தம் நிற்காது. போதாததற்கு இந்தப் போத்தல் வாசனை எண்ணெய் என்று விற்கப்படுவது; விழுங்கக்கூடாது என்று சிறிய எழுத்தில் அதிலேயே இருந்தது. சொட்டை அன்றே நிறுத்தச் சொன்னார். குளிசையை மட்டும் தன்னைக் கேட்காமல் தொடவோ நிறுத்தவோ கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

வீட்டில் அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, தலையில் கைவைத்தார். "ஐயோ, இவ்வளவு நாளும் கஞ்சாக்காரனுக்கே சோறு போட்டனான்!" அடுத்த வெள்ளி கோயில் சமையற்கட்டில் அண்ணை எல்லோர் முன்னாலும் நின்று, "அது மரவள்ளி இல்லைப் பிள்ளையள், ஒருத்தரும் என்ரை கதையைக் கேட்டு வாங்காதேங்கோ, டொக்டரைக் கேளுங்கோ," என்று அறிவித்தார். வெட்கம் ஒரு பக்கம். வயிறு குலுங்கச் சிரித்த பெண்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். அந்த மனிதரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இரத்தம் பழைய நிலைக்கு வந்த பிறகு, அந்தச் சொட்டை முறையாக எடுத்துப் பார்க்கலாமா என்று அவரே டொக்டரிடம் கேட்டார். எல்லோருக்கும் உதவும் என்று சொல்லமுடியாது, ஆனால் கண்காணிப்போடு பார்க்கலாம் என்று டொக்டர் எழுதிக்கொடுக்க, மருந்தகத்திலேயே அளந்து தயாரித்துக் கொடுத்தார்கள். ஆகக் குறைந்த அளவில் தொடக்கம். இரவு மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, ஒவ்வொரு முறை கூட்டியதும் இரத்தப் பரிசோதனை. மணிக்கட்டுக்கு ஒரு பட்டியும் தினப் பயிற்சியும். சொட்டு விடும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டார். கணவன் கையில் குழாய் கிடைக்கவே இல்லை. ஒருமுறை டொக்டர் சொன்னபடி அளவைக் கூட்டியபோது அண்ணை பகலெல்லாம் தூங்கிவழிந்து, வேலைக்கு வரும் பஸ்ஸில் உறங்கிப்போனார்; கடைசித் தரிப்பிடத்தில் சாரதிதான் தட்டி எழுப்பினார். நல்லவேளை அண்ணை கார் ஓட்டுவதில்லை. டொக்டர் உடனே முந்தைய அளவுக்கே இறக்கினார். அதுவே அவருக்குச் சரியான அளவாக அமைந்தது. நோவு போயிட்டுதோ என்று கேட்டேன். "இருக்கு. ஆனால் நித்திரை வருது. நித்திரை கொண்ட கை வேறை கை, தங்கச்சி," என்றார்.

இன்று நான் வில் என்ற ஊரில் வேறு வேலை பார்க்கிறேன். அண்ணை இன்னும் அங்கேதான். அவரை நினைத்தால் எனக்கு கோடைக்காலக் கூட்டம் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் முதலில் வரும். வெளியே விருந்தினர் நிறைந்திருந்தார்கள். தலைமைச் சமையற்காரர் கை தாங்குகிறதா என்று பார்க்க அண்ணையைச் சட்டிக்கு முன்னால் விட்டுவிட்டு, தேவைப்பட்டால் பொறுப்பெடுக்க இன்னொரு சமையற்காரனைப் பக்கத்தில் நிறுத்தினார். எல்லோரும் தங்கள் வேலையைப் பார்ப்பதாகப் பாவனை செய்தோம். அண்ணை சட்டியை இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார். வீசினார். ரோஸ்டி மேலே போய்ப் புரண்டு, சத்தமில்லாமல் வந்து நடுவில் படுத்தது. தலைமைச் சமையற்காரர் பக்கத்தில் நின்றவனை இறைச்சி அடுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு, ஓடர் சீட்டைப் பார்த்து, "அண்ணை, இன்னும் நாலு ரோஸ்டி!" என்று வழக்கம்போலக் கத்தினார்.

இத்தனை வருடமும் ஜெர்மனில் "யா, ஷெஃப்" என்று மட்டுமே பதில் சொல்லிவந்த மனிதர், அன்று வாய் தவறி, சமையலறை முழுக்கக் கேட்கும்படி, "ஓம்!" என்றார். அது என்ன மொழி என்று ஒருவரும் கேட்கவில்லை.